கைவலை இல்லாத மேஜை

பரீட்சை என்றாலே இங்கோவுக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளிக்கூடத்தில் கலக்கியது. டிரைவிங் லைசென்ஸுக்குப் போனபோதும் கலக்கி, இரண்டு முறை பெயிலாக்கிவிட்டுத்தான் விட்டது. வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தபிறகு, இந்த ஜென்மத்துக்கு இனி பரீட்சை இல்லை என்று நிம்மதியாக இருந்தான். இப்போது நாற்பத்தேழு வயதில், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்காகப் பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் அவன் மகள் ஃபென்யா. மடியில் மீன் படங்கள் அச்சடித்த அட்டைக்கட்டை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் இரக்கமில்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இது என்ன?"

ஓரக்கண்ணால் பார்த்தான். "செங்கண்."

"நல்லா பாருப்பா."

"ரோட்டப் பாக்கவா, மீனப் பாக்கவா?"

"சிக்னல்ல நிக்கறோம், பாரு. கண்ணு தங்க நிறம். சிவப்பா இருக்கறது துடுப்பு. வாய் மேல பாத்துத் தொறந்திருக்கு. இது செந்துடுப்பு. நேத்தும் இதேதான் தப்பு பண்ண."

செங்கண், செந்துடுப்பு என்று இந்த இரண்டு மீனுக்கும் பெயர் வைத்தவன் யாரோ, இங்கோ மாதிரி ஆட்களைப் பழிவாங்கவே வைத்திருக்கிறான். செங்கண்ணுக்குத் துடுப்பும் கொஞ்சம் சிவப்பு. செந்துடுப்பின் தங்கக் கண்ணிலும் கொஞ்சம் சிவப்பு. எண்ணெயில் பொரித்துத் தட்டில் வைத்தால் மீனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"அப்பா, உண்மையச் சொல்லு. நீ பாஸாயிடுவியா?"

"ஏண்டி, இவ்வளவு கேவலமாவா படிச்சிருக்கேன்?"

"கிண்டல் பண்ணல. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் முகத்தில் சிரிப்பில்லை. அப்பனைப் பற்றி இவ்வளவுதான் நம்பிக்கை என்று அவனுக்குச் சுருக்கென்றது. "முயற்சி பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பச்சை விளக்கைப் பார்த்து வண்டியை எடுத்தான்.

இந்த வம்பெல்லாம் போன மே மாதம் தொடங்கியது. அதற்கு முந்தின கோடையில் இருவரும் டென்மார்க்கில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அங்கே காசு கட்டினால் போதும், தூண்டில் போடலாம். பெண்ணுக்கு அந்தப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. செல்போனை மறந்து நாள் முழுக்க அவனோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். பேசவும் பேசினாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. ஊருக்குத் திரும்பியபிறகும் அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்ற ஆசையில், கூட வேலை செய்கிறவனிடம் கோல் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு லிப்பே ஆற்றுக்குக் கூட்டிப்போனான். அங்கே எப்படியோ அப்படித்தானே இங்கேயும் என்று நினைத்தான். மீன்பிடிக் காவலர் வந்து லைசென்ஸ் கேட்டார். இல்லை. பரீட்சை எழுதிய சான்றிதழ்? அதுவும் இல்லை. அப்புறம் போலீஸ், விசாரணை, அபராதம். திருட்டு மீன் பிடித்தவன் என்று அவன் பெயரில் ஒரு வழக்கு.

ஃபென்யாவின் அம்மா ஸில்கே போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் பொண்ண வச்சுக்கிட்டா போலீஸ்ல மாட்டுவ? லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் தண்ணிப் பக்கமே அவளக் கூட்டிட்டுப் போகாத. இன்னொண்ணும் கேட்டுக்கோ. அவளுக்குப் பதினாலு வயசாயிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உங்கிட்ட வரணுமா வேண்டாமான்னு இனிமே அவளே முடிவு பண்ணுவா. நான் வான்னும் சொல்ல மாட்டேன், வராதன்னும் சொல்ல மாட்டேன்."

ஸில்கே இப்போது இருப்பது இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், அர்ன்ட் என்பவரின் வீட்டில். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம். பெரிய வீடு. வாசலைத் தாண்டினால் ஏரி. இங்கோவிடம் இருப்பது ஒரு படுக்கையறைக் குடித்தனமும், விரித்தால் கட்டிலாகிற சோபாவும். பதினான்கு வயதுப் பெண் சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து அந்த சோபாவில் படுக்க ஒரு காரணம் வேண்டும். மீனைத் தவிர வேறு காரணம் எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் இருவரும் சேர்ந்து மீன்பிடிச் சங்கத்தின் வகுப்புக்குப் போனார்கள். வகுப்பெடுத்தவர் ஒரு பல் டாக்டர். மீனின் வாயைப் பற்றிப் பேசும்போது அவருக்கு உற்சாகம் தாங்காது. மூன்றாவது வகுப்பிலோ நான்காவதிலோ, போகிற போக்கில் அவர் ஒரு விஷயம் சொன்னார். "பதினாலு வயசு முடிஞ்சவங்க இந்தப் பரீட்சைல பாஸானா முழு லைசென்ஸ். தனியாவே போலாம், யாரும் கூட வேண்டாம். பாஸாகலன்னாலும் பதினாறு வயசு வரைக்கும் சின்னவங்க லைசென்ஸ் ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்கு, லைசென்ஸ் உள்ள பெரியவங்க ஒருத்தர் கூடவே இருந்தாகணும்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். இங்கோவின் பேனா அங்கேயே நின்றது.

தான் பாஸாக வேண்டும் என்பதுதான் அதுவரை அவனுடைய ஒரே கவலை. அவள் பாஸானால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் பாஸாகாமல் இருக்க வழியே இல்லை. வகுப்பில் எப்போதும் முதல், பெயில் என்றால் என்னவென்றே தெரியாத பெண். பாஸானால் அவளுக்கு வாசலில் ஏரி இருக்கிறது, கையில் லைசென்ஸ் இருக்கும், அந்த ஊர்ச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். அப்பன் எதற்கு? கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. அன்று முதல் அவனுக்குள் ஒரு வெட்கங்கெட்ட ஆசை குடியேறியது: இவள் பெயிலாகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெற்ற பெண் தோற்கவேண்டும் என்று நினைக்கிற நீயெல்லாம் ஒரு அப்பனா என்று தன்னையே திட்டிக்கொள்வான். திட்டி முடித்ததும் ஆசை மறுபடி வந்து உட்காரும்.

ஃபென்யாவோ அவனைப் பாஸாக்குவதில்தான் குறியாக இருந்தாள். அவன் சமையலறை மேஜைதான் பரீட்சை மேஜை. விளக்குமாற்றுக் கம்பு தூண்டில் கோல். மரக்கரண்டி, மீனை மயக்க மண்டையில் அடிக்கிற குறுந்தடி. காய் வெட்டுகிற கத்தி கத்தியாகவே இருந்தது. நூடுல்ஸ் வடிக்கிற வடிதட்டு, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குகிற கைவலை. எந்த மீன் என்று சீட்டு எடுத்து, அதற்கான சாமானையெல்லாம் எடுத்து ஒழுங்காக அடுக்க வேண்டும். இங்கோ எல்லாவற்றையும் அடுக்குவான். ஒவ்வொரு தடவையும் வடிதட்டை மட்டும் மறந்துவிடுவான்.

"வலைதான்ப்பா முதல்ல! கோலத் தொடறதுக்கு முன்னாடி வலை. வலை இல்லாம பிடிச்சா மீன என்ன பண்ணுவ, முடியப் பிடிச்சா தூக்குவ?"

"சரி சரி."

"சரி சரின்னா ஆச்சா? தண்டனை."

தண்டனை என்றால் வடிதட்டை அவன் தலையில் கவிழ்ப்பாள். அதோடுதான் அடுத்த சுற்று முழுக்க நிற்க வேண்டும். ஒருநாள் அப்படியே மறந்துபோய், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரிக்கு வடிதட்டுத் தலையோடு பார்சல் வாங்கிக் கொடுத்தான். ஃபென்யா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பரீட்சை நடந்தது தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில். உள்ளே நுழைந்ததும் காபி வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும். நடைவழியில் சங்கத்து அம்மாக்கள் வேகவைக்காத பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டி விற்றார்கள். இங்கோ அதைத் தாண்டிப் போனான். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டான்.

"மீன் புடிக்க ஒரு பரீட்சையாம்" என்று பின்னாலிருந்து ஒரு தடியன் உரக்கச் சொன்னான். "இந்த நாட்டுல பரீட்சை இல்லாம செய்யற காரியம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. புள்ள பெத்துக்கறது."

எல்லோரும் சிரித்தார்கள். இங்கோவும் சிரித்தான். அதற்கும் ஒன்று வைத்திருந்தால் தனக்கு அதிலும் வடிதட்டுதான் என்று நினைத்துக்கொண்டான்.

எழுத்துப் பரீட்சையில் மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புள்ளடி போட வேண்டும். விலாங்கு எங்கே முட்டையிடும், ஓடைத் தண்ணீரில் பிராணவாயு எப்போது குறையும், காவலர் கேட்டால் எதைக் காட்ட வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவனுக்கு அனுபவ பூர்வமாகவே பதில் தெரியும். ஃபென்யா பாதி நேரத்திலேயே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் நாற்காலியைத் தள்ளிய சத்தத்தில் அவனுக்குத் தெரிந்த இரண்டு மூன்று விடைகளும் பறந்துபோயின. போட்ட புள்ளடியை அடித்தான், அடித்ததையே மறுபடி போட்டான்.

தாள்களை அங்கேயே திருத்தினார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஹோல்ட்காம்ப் அம்மாள் கதவருகே நின்று தேறியவர்களின் பெயரை வாசித்தார். வாசிக்க வாசிக்க இங்கோ நடைவழிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"டெர்ப்ரூக்கன், ஃபென்யா." கொஞ்சம் இடைவெளி. "டெர்ப்ரூக்கன், இங்கோ."

ஃபென்யா அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா! பாத்தியா! சொன்னேன்ல!" தான் தேறியதற்கு அவள் இந்தக் குதி குதிக்கவில்லை.

"இன்னும் மேஜை இருக்கு" என்றான் அவன்.

"ஆமா" என்றாள். குதிப்பது நின்றது. "மேஜை இருக்கு."

செய்முறைப் பரீட்சைக்குப் பெயர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். ஒருவர் மேஜையில், அடுத்தவர் சுவரோரத்து நாற்காலியில். முடித்தவரும் கையெழுத்தான தாள் கிடைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இவர்கள் முறை வந்ததும் ஹோல்ட்காம்ப் அம்மாள் முதலில் ஃபென்யாவைத்தான் அழைத்தார்.

"மேடம், எங்கப்பா முதல்ல பண்ணட்டுமே" என்றாள் ஃபென்யா. "அவருக்கு ரொம்பப் பயம். இன்னும் காக்க வச்சா மயக்கம் போட்டுடுவார்."

அந்த அம்மாள் இங்கோவை ஏற இறங்கப் பார்த்தார். அவன் முகம் அப்போது இருந்த லட்சணத்தில் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. "சரி, அப்பா வரட்டும்" என்றார் சிரித்துக்கொண்டு. இங்கோவுக்குக் காது மடல் சுட்டது. வெளியே வந்ததும் இவளைக் கவனித்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே போனான்.

நீள மேஜைகளில் கோல்கள், ரீல்கள், நரம்புச் சுருள்கள், தக்கைகள், ஈயக்குண்டுகள். கோடியில் கைவலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் பெக்மான் என்ற பரீட்சை அதிகாரி. ஒட்டக உயரம், பேசும்போது உதடு மட்டும் அசைகிற முகம். "பேச்சு கூடாது. உக்காந்திருக்கறவங்க சொல்லியோ ஜாடை காட்டியோ உதவினா அவங்க ரிசல்ட் ரத்து. தேறியிருந்தாலும் ரத்து. புரியுதா?"

புரிந்தது. இங்கோ சீட்டு எடுத்தான். ஹெக்ட்: பெரிய வாயும் கூரான பல்லுமாக, சின்ன மீன்களைத் தின்று கொழுக்கிற மீன்.

தடித்த கோல் எடுத்தான், அது சரி. ரீல் சரி. பல்லில் நரம்பு அறுந்துபோகாதபடி தூண்டில் முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி வேண்டும். ஞாபகம் வந்தது, எடுத்தான். அளவு நாடா, குறுந்தடி, கத்தி, முள்ளை எடுக்கிற இடுக்கி. ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தான். எல்லாம் இருக்கிறது. முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது உச்சந்தலையில் ஒரு குளிர்ச்சி, வடிதட்டுப் பட்ட மாதிரியே. ஐயோ. கிட்டத்தட்ட ஓடிப்போய்க் கோடியிலிருந்து கைவலை ஒன்றைத் தூக்கிவந்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான்.

"முடிஞ்சுது" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

பெக்மான் வலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எதையோ எழுதினார். பிறகு மீன் படங்கள். ஒன்று தப்பாகப் போனது, மற்றவை சரியாக வந்தன. கடைசிப் படத்தில் ஒரு செந்துடுப்பு வாயை மேலே திறந்துகொண்டு அவனைப் பார்த்தது. "செந்துடுப்பு!" என்று பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"தேறிட்டீங்க" என்றார் பெக்மான். "உக்காருங்க, தாள் வரும்."

இங்கோ நாற்காலியில் போய் விழுந்தான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. சுவரோரத்திலிருந்து எழுந்த ஃபென்யா போகிற வழியில் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு வந்த சீட்டு கெண்டை.

கெண்டை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பரபரப்பே இல்லை. நீளமான கோல், அதற்கேற்ற ரீல், வழுவழுப்பான பெரிய முள். பிடித்த மீனைக் கிடத்த ஈரப் பாயைக்கூட மறக்கவில்லை. நாடா, குறுந்தடி, கத்தி, இடுக்கி. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்து அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றில் கல்லாகவும் இருந்தது. போச்சு. இன்னும் சற்று நேரத்தில் இவளுக்கு லைசென்ஸ். பிறகு வாசலில் ஏரி.

அப்புறம்தான் கவனித்தான். வலை இல்லை.

மேஜையை மறுபடி பார்த்தான். கோலுக்குப் பக்கத்தில் இல்லை, கீழே சாய்த்து வைத்திருக்கவும் இல்லை. வலைகளெல்லாம் கோடியில் அப்படியே நின்றன. ஃபென்யா இடுக்கியை நேராக்கி வைத்தாள். நாடாவின் நுனியைச் சரிசெய்தாள்.

அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு பாவமும் ஒட்டாது, வாயைத் திறக்கக் கூடாது என்று பரீட்சை விதியே தடுக்கிறது. வலை இல்லையென்றால் பெயில், அதில் பேச்சுக்கே இடமில்லை என்று பல் டாக்டர் வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறார். பெயிலானால் இரண்டு வருஷம் சனிக்கிழமைகள். ஆற்றங்கரை, ஃப்ளாஸ்க்கில் காபி, பேச்சு. இத்தனை நாள் வெட்கத்தோடு கேட்டது இப்போது தட்டில் வைத்து முன்னால் நீட்டப்பட்டிருக்கிறது. சும்மா இரு, இங்கோ. சும்மா மட்டும் இரு.

ஆனால் அந்தப் பின்னங்கழுத்து. முடியை உயர்த்திக் கட்டியிருந்த அவள் கழுத்தின் பின்புறம், ஆறு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவன் பிடித்து ஓடிய அதே கழுத்து. பெயில் என்ற வார்த்தையை அவள் இதுவரை கேட்டதில்லை. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். காரில் திரும்பும்போது எப்படி இருக்கும், சாப்பாடு எப்படித் தொண்டையில் நிற்கும், எல்லாம் தெரியும். தன் சோபா நிறைய வேண்டும் என்பதற்காக அதை இவளுக்குக் கொடுப்பதா?

கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. கம்பளித் தொப்பியை எடுத்தான். மெதுவாக, நடுமண்டையில் பொருந்தும்படி, வடிதட்டைக் கவிழ்ப்பது மாதிரியே தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

ஃபென்யா திரும்பினாள். பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், அவன் கண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது, அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"மிஸ்டர் டெர்ப்ரூக்கன்." பெக்மானின் பேனா நின்றிருந்தது. "குளிருதா?"

பக்கத்தில் அறையைச் சூடாக்குகிற ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. இங்கோவின் நெற்றியில் வியர்வை இறங்கியது. "குளிருது சார்" என்றான்.

பெக்மான் அவனையே பார்த்தார். தாள் இன்னும் கையெழுத்தாகவில்லை. போயிற்று, எல்லாமே போயிற்று, இரண்டு பேருக்கும் போயிற்று என்று நினைத்தான். கழற்றவும் தோன்றவில்லை, கை எழவில்லை.

"நான் முடிச்சிட்டேன்" என்றாள் ஃபென்யா.

பெக்மான் அவள் பக்கம் திரும்பினார். மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முதல் முறையாக அவர் குரல் இளகியது. "நிச்சயமா? அவசரமே இல்ல. இன்னொரு தடவ நிதானமா பாத்துக்கோம்மா."

"பாத்துட்டேன். அவ்வளவுதான்."

"கெண்டைய தண்ணிலேர்ந்து எப்படித் தூக்குவ?"

ஃபென்யா வாயைத் திறந்து, ஒரு கணம் அப்படியே நின்றாள். "அச்சச்சோ" என்றாள்.

பெக்மான் பெருமூச்சு விட்டார். மறுபடி எப்போது எழுதலாம் என்று அவளுக்கு விளக்கினார். பிறகு இங்கோவின் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை. "தொப்பிய வெளிய போய்ப் போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான். எடுத்துக்கொள்ளாத உதவிக்கு எந்த விதியில் தண்டனை என்று அவருக்கே தெரியவில்லையோ என்னவோ.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருவரும் காருக்கு ஓடினார்கள். கதவைச் சாத்தியதும் இங்கோ ஆரம்பித்தான். "கண்ணு, பரவால்ல. நான் டிரைவிங்ல ரெண்டு தடவ..."

"உனக்கு அறிவிருக்காப்பா?"

அவன் திடுக்கிட்டான்.

"எதுக்குத் தொப்பியப் போட்ட? அந்தாளு பாத்துட்டாரு! உன்னோடத ரத்து பண்ணியிருந்தா? ரெண்டு மாசமா உன் தலையில வடிதட்டக் கவுத்துக் கவுத்து உன்னப் பாஸாக்கினா, கடைசி நிமிஷத்துல நீயே கெடுத்துக்கப் பாக்கற!"

"நீ வலைய மறந்துட்டியேன்னு..."

"நான்? வலைய?" அவள் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யோசி. நல்லா யோசி. உன்ன முதல்ல மேஜைக்கு விடச் சொல்லி யாரு கேட்டா? நீ பெயிலாயிருந்தா வலையத்தான் முதல்ல வச்சிருப்பேன். ரெண்டு பேருல ஒருத்தராவது தேறணும்ல. நீ தேறிட்ட. அப்புறம் எனக்கு எதுக்கு?"

கண்ணாடியில் தூறல் வழிந்தது. இங்கோவுக்கு இன்னும் முழுசாக எட்டவில்லை. எட்டியதை நம்பவும் பயமாக இருந்தது.

"நான் தேறினா அம்மா என்ன சொல்லுவாங்க தெரியும்ல?" என்றாள் அவள் கொஞ்சம் தணிந்து. "'வாசல்லயே ஏரி இருக்கு, உனக்கே லைசென்ஸும் இருக்கு, எதுக்கும்மா அவ்வளவு தூரம் ரயில்ல போற?' நானும் நாலு தடவ வருவேன். அப்புறம் மழை, அப்புறம் பரீட்சை, அப்புறம் யாராவது பர்த்டே. என்னப் பத்தி எனக்கே தெரியும்ப்பா. இப்ப அப்படி முடியாது. கூட லைசென்ஸ் உள்ள ஆள் வேணும். அர்ன்ட் மீன் நாத்தம் வந்தாலே ஜன்னலத் தொறக்கறவரு."

சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அடக்க முடியவில்லை. "நீ பெயிலாகணும்னு நானும் நெனச்சேன்டி. ரெண்டு மாசமா நெனச்சேன். ரொம்பக் கேவலமா இருந்துச்சு."

ஃபென்யா அவனைப் பார்த்தாள். "அப்ப எதுக்குத் தொப்பி?"

"தெரியல."

அவள் போன் அடித்தது. அம்மா. ஃபென்யா ஒரு விரலை உதட்டில் வைத்து அவனைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு எடுத்தாள். "அம்மா... இல்லம்மா. அப்பா பாஸ். நான்..." என்று இழுத்தாள். நடிப்பு நன்றாகத்தான் வந்தது. "நான் பெயில்" என்று சொன்னபோது குரல் உடைந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஸில்கே அந்தப் பக்கம் என்னென்னவோ சமாதானம் சொல்வது கேட்டது. இது நடிப்பில்லை என்று இங்கோவுக்குப் புரிய இரண்டு மூச்சு ஆனது.

பெயில். வேண்டுமென்றே ஆனாலும் அந்த வார்த்தை அந்த வார்த்தைதான். வாயிலிருந்து வெளியே வரும்போதுதான் அதன் எடை தெரியும்.

போனை வாங்கி, "நான் அப்புறம் பேசறேன் ஸில்கே" என்று வைத்தான். நன்றி என்று சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, அவள் உச்சியில் வைத்து, காது மூடுகிறவரை கீழே இழுத்துவிட்டான்.

"வலைய மறந்தவங்களுக்குத் தண்டனை" என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டைக்கட்டிலிருந்து ஒரு படத்தை உருவி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன?"

இங்கோ பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றதால் மீன் கலங்கலாகத் தெரிந்தது; அதன் கண் சிவப்பு என்பது மட்டும் தெரிந்தது. "செங்கண்" என்றான்.

"சரி" என்றாள் அவள். "வண்டிய எடு."